பாரன்ட்ஸ் கடலில் ஸ்டொப் சொல்வது எப்படி

வடதுருவத்தில் பென்குயின் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு நிம்மதியாகப் பேசலாம். ஒவ்வொரு கோடையும் ஜெர்மனியிலுள்ள ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேருக்குப் போகிறேன். அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கும்போது யாராவது ஒருவர் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து, "இவர் நோர்த் போல் கப்பலில வேலை செய்தவர்" என்று அறிமுகப்படுத்துவார். பிள்ளை வாய் திறக்கும் முன் தகப்பனே கேட்டுவிடுவார்: "அப்ப அண்ணை, பென்குயினெல்லாம் கிட்டப் பாத்திருப்பியள்?" அது உலகத்தின் மற்ற முனையில் இருக்கிறது என்று சொல்வேன். "ஓமோம்" என்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஒண்டு ரெண்டெண்டாலும் இருக்குமே" என்பார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அடுத்த கேள்வி, நான் மீன்பிடிக் குடும்பமோ என்பது. இல்லை. அப்பா தபால் கந்தோரில் எழுதுவினைஞர். எனக்கு இன்றைக்கும் நீந்தத் தெரியாது. மூன்றாவது கேள்வி இப்போது சில வருடங்களாகத்தான் வருகிறது: "அங்க கடலுக்கடியில காஸ் கிடக்காமே, எடுத்தா எங்கட வீடு சூடாக்கிற ஹைட்சுங் பில் குறையாதோ?" எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது என் கையில் இல்லை.

நான் வேலை செய்த கடலின் பெயர் பாரன்ட்ஸ். நோர்வேயின் உச்சந்தலைக்கு மேலே, ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்கும் ரஷ்யாவின் நோவாயா செம்லியாவுக்கும் நடுவே கிடக்கிறது. துருவக் கடல் என்றால் ஆழம் தெரியாத கறுப்புத் தண்ணீர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இது ஆழம் குறைந்த கடல். தெற்கிலிருந்து அத்திலாந்திக்கின் வெதுவெதுப்பான தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருப்பதால், தென்பாதி நடு மாரிக்குளிரிலும் உறைவதில்லை. வடக்கே பனி. இளவேனிலில் பனி பின்வாங்கும்போது அதன் விளிம்பில் பாசி பூக்கும்; பாசியைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் வரும்; அவற்றைத் தின்னக் கப்பெலின் என்ற விரல் நீள மீன் கூட்டமாக வரும்; கப்பெலினைத் தின்னக் கொட் மீனும், கடற்பறவையும், திமிங்கிலமும் வரும். சுப்பர்மார்க்கெட்டில் பிள்ளைகளுக்கு வாங்கும் மீன்விரல் பெட்டியின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். பல பெட்டிகளில் இந்தக் கடலின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். பென்குயின் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்களுக்கு லும்மே என்று ஒரு பறவை உண்டு. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, பாறையில் நிமிர்ந்து நிற்கும். ஆனால் அது பறக்கும். தயவுசெய்து அதை வைத்துச் சமாளியுங்கள்.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. நான் வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஓர் இளம் பெண் பேசினாள். கப்பலில் இப்போது புது முறை வந்திருக்கிறதாம். தளத்தில் நிற்கும் ஒவ்வொருவரின் உயிர்காப்புச் சட்டையிலும் ஒரு சிவப்புப் பொத்தான். ஆபத்து என்று தோன்றினால் அழுத்தவேண்டியதுதான். கம்பியை ஏற்றி இறக்கும் வின்ச் தானாக நின்றுவிடும். "யார் அழுத்தினதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதால ஒருத்தரும் கூச்சப்படத் தேவையில்லை" என்றாள். பழைய ஆட்கள் சிலரைக் கமெராவுக்கு முன் இருத்தி, அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று கேட்டுப் பயிற்சிக் காணொளி செய்கிறார்களாம். போனேன். என் காலத்தில் கப்பலில் நடந்த ஒரு விபத்தைப் பற்றி முழுவதும் சொன்னேன். யார் அழுத்தியது என்று தெரியாவிட்டால் அவர் எதைக் கண்டார் என்று யாரிடம் போய்க் கேட்பீர்கள் என்றும் கேட்டேன். காணொளி வந்தது. நான் தொப்பியோடு சிரிக்கிறேன். "கடல் அழகானது" என்று ஒரு வரி சொல்கிறேன். மற்றதெல்லாம் வெட்டுப்பட்டுவிட்டது. அந்த ஒரு வரியை எப்போது சொன்னேன் என்றுகூட எனக்கு நினைவில்லை.

ஆகவே வெட்டியதை இங்கே எழுதுகிறேன்.

அகதியாக அசூல் கேட்டு வந்தவன், உணவகத்தில் தட்டுக் கழுவியவன், பிரேமர்ஹாஃபன் மீன் துறைமுகத்தில் பெட்டி தூக்கியவன், ஒருநாள் ஆய்வுக் கப்பலொன்றில் தளப் பணியாளாக ஏறினேன். பிறகு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து வின்ச் ஓட்டுநர் ஆனேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாந்தி எடுத்தேன், ஜெர்மன் படித்தேன். என் பெயர் சிவநேசன். கப்பலில் அது ஏறிய நாளிலேயே சிவா ஆகிவிட்டது.

வின்ச் என்பது ஒரு பெரிய உருளை. அதில் கம்பி சுற்றியிருக்கும். கப்பலின் பின்புறத்தில் வாசல் நிலை போல ஓர் இரும்புச் சட்டம். கம்பி அதன் உச்சியில் உள்ள சக்கரத்தால் கடலுக்குள் இறங்கும். நுனியில் சேறு அள்ளும் பெட்டி, தண்ணீர் எடுக்கும் போத்தல், வலை, எது வேண்டுமோ அது. நான் மேலே ஒரு கண்ணாடி அறைக்குள் இருப்பேன். முன்னால் ஒரு பிடி, கம்பியின் இழுவையைக் காட்டும் ஒரு முள். பெட்டி கடலடியைத் தொட்டால் முள் விழும். சேற்றிலிருந்து பிடுங்கும்போது ஏறும். பாரன்ட்ஸின் அடி ஓரிடத்தில் களி, ஓரிடத்தில் பனிமலைகள் உருகிப் போட்டுவிட்டுப் போன கல். களியில் அவசரப்பட்டு இழுத்தால் கம்பி அறும். முள்ளைப் பார்த்தபடி பொறுமையாக இருக்கவேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது என்று என் மனைவி சொல்வாள். எல்லாவற்றையும் கப்பலில் செலவழித்துவிட்டேன் என்பது என் பதில்.

விதி இரண்டுதான். முதலாவது, வின்ச் ஓட்டுபவன் ஒரே ஓர் ஆளின் கையைத்தான் பார்ப்பான். அந்த ஆள் போட்ஸ்மன், தளத்தின் மேற்பார்வையாளர். அவர் விரலை மேலே சுழற்றினால் ஏற்று. கையைக் கீழே காட்டினால் இறக்கு. முட்டி மடக்கினால் பிடி. பேராசிரியர் வந்து கைகாட்டினாலும், கப்டன் வந்து கைகாட்டினாலும் அது எனக்குக் காற்றில் ஆடும் கை. இரண்டாவது விதி, ஸ்டொப். அதை யாரும் சொல்லலாம். சமையற்காரர், மாணவர், முதல்நாள் ஏறியவர், யாரும். சொன்னால் அந்தக் கணமே நிறுத்தவேண்டும். காரணம் பிறகு.

என் முதல் போட்ஸ்மன் ஹின்றிக்ஸ். கீழ் சாக்சனி ஆள், பெருத்த உடம்பு, நாளுக்குப் பத்துச் சொல் பேசினால் அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்று சொல்லிச் சிரிப்போம். யாராவது ஸ்டொப் என்று கத்தினால் முட்டியை மடக்குவார். கத்திய பக்கம் திரும்பி, "டாங்க" என்பார். நன்றி. அதற்குப் பிறகுதான் நடந்து போய், "என்ன கண்டனீ?" என்று கேட்பார். ஒருநாளும் இந்த ஒழுங்கு மாறியதில்லை.

எனக்கு இது பிடிக்கவில்லை. ஏனென்றால் முக்கால்வாசி ஸ்டொப் வெறும் அலட்டல். பெட்டிக்குள்ளிருந்து ஒரு நட்சத்திர மீன் நழுவி விழுகிறது: ஸ்டொப். படம் எடுக்கும்போது கமெரா மூடி திறக்கவில்லை: ஸ்டொப். ஒருநாள் சமையற்காரர் கரண்டியோடு கதவால் எட்டிப் பார்த்து ஸ்டொப் என்று கத்தினார். கம்பியில் பறவை மோதப்போகிறது என்று நினைத்தாராம். அங்கே பறவையே இல்லை. நடுக்கடலில், அலையில், கனத்த பெட்டியொன்று கம்பியில் ஆடிக்கொண்டிருக்க, ஹின்றிக்ஸ் கரண்டிக்காரரிடம் போய் டாங்க சொல்கிறார். அன்று மாலை நான் அவரிடம் கொதித்தேன்.

"இப்பிடி எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு நிண்டா நாங்கள் எப்ப வேலை முடிக்கிறது?"

அவர் கோப்பியைக் குடித்து முடித்தார். "சிவா, இண்டைக்கு அந்தாளை நான் ஏசினா, நாளைக்குக் கத்துறதுக்கு முதல் அந்தாள் என்ர முகத்தைப் பாக்கும். எனக்கு அந்தாள் கம்பியைப் பாத்தாப் போதும்."

அன்றைக்கு எனக்கு அது மழுப்பல் போலத்தான் பட்டது.

ஹின்றிக்ஸ் ஓய்வு பெற்றபின் ரைமர்ஸ் வந்தார். கொள்கலன் கப்பல்களில் இருந்தவர். நல்ல கடலோடி, அதை நான் மறுக்கமாட்டேன். வேலை உடுப்பில் ஒரு மடிப்புக் கலையாது. கெட்ட வார்த்தை பேசமாட்டார். தளத்தில் ஒரு கயிறு இடம் மாறிக் கிடந்தாலும் தானே குனிந்து சுற்றி வைப்பார். ஸ்டொப் கேட்டால் அவரும் உடனே முட்டியை மடக்குவார். ஆனால் அடுத்து அவர் வாயில் வருவது, "யார் அது?" தளம் முழுக்கக் கேட்கும் குரலில். கோபமில்லை. காரணத்தைச் சரியாக அறிய விரும்பினார், அவ்வளவுதான். கத்தியவர் எல்லோருக்கும் முன்னால் கையை உயர்த்தி, தான்தான் என்று சொல்லி, விளக்கவேண்டும். விளக்கம் அற்பமாக இருந்தால் மற்றவர்கள் காலணியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஸ்டொப் குறைந்தது. படபடவென்று குறைந்தது. என் வேலை சுலபமானது, எனக்கும் சந்தோசம்தான். அலுவலகத்தில் ஒருவர் அதை வரைபடமாகப் போட்டு, கோடு கீழே போவதைக் காட்டி, கப்பல் இப்போது முன்பைவிடப் பாதுகாப்பாக இருக்கிறது என்று கூட்டத்தில் விளக்கினார். கை தட்டினார்கள். கேக் வெட்டினார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு அந்தக் கேக் நெஞ்சில் அடைக்கிறது.

அந்தக் காலத்தில்தான் நிவேதிதா வந்தாள். ஊர் திருச்சி. கார்ல்ஸ்ரூஹேயில் படித்துவிட்டு எங்கள் நிறுவனத்துக்கு முனைவர் ஆய்வுக்கு வந்தவள். நோர்வேயின் டுரோம்சோ துறைமுகத்தில் கப்பல் ஏறிய அன்று நான் மனைவியோடு போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு, முடியும்வரை தள்ளி நின்று, பிறகு வந்து, "அண்ணா, நீங்க தமிழா?" என்றாள். என் வயதுக்கு அங்கிள் என்றிருக்கலாம். அண்ணா என்றது எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. மரக்கறி மட்டும் சாப்பிடுபவள். கப்பல் சமையலறையில் மரக்கறி என்றால் மீன் எடுத்துவிட்ட தட்டு. நான் என் பெட்டியிலிருந்த மிளகாய்த்தூளையும் பருப்பையும் கொண்டுபோய்ச் சமையற்காரரிடம் கெஞ்சி, ஒரு மூலையில் பருப்புக்கறி வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, "ரொம்ப காரம், ஆனா சூப்பர்" என்றாள். அதன்பின் தளத்தில் எது வேண்டுமென்றாலும் நேரே என் கண்ணாடி அறைப் பக்கம் பார்ப்பாள்.

அவளுடைய ஆராய்ச்சி, மேலே பூக்கும் பாசியில் எவ்வளவு கடலடிக்கு வந்து சேர்கிறது என்பது. அடியில் இருக்கும் புழு, சிப்பி, கடற்பஞ்சு எல்லாம் மேலிருந்து விழும் மிச்சத்தைத்தான் நம்பி வாழ்கின்றன. நீள்பல் கடல் விலங்கான வால்ரஸ் அந்தச் சிப்பியைத் தின்கிறது. பனி குறைந்தால் அந்தச் சாப்பாடு கூடுமா குறையுமா என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதை அளக்க ஒரு பொறி உண்டு: பெரிய புனல், அடியில் வட்டமாகச் சின்னப் போத்தல்கள். மேலிருந்து விழுவது புனலால் வழிந்து போத்தலில் சேரும். குறித்த நாளில் வட்டம் திரும்பி அடுத்த போத்தல் வரும். ஒரு வருடம் முழுக்க, பனிக்கு அடியில், தனியே. இப்படி இரண்டு பொறிகளை முந்தின வருடம் இரண்டு இடங்களில் இறக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு நீளக் கயிற்றில்; அடியில் பாரத்துக்குப் பழைய ரயில் சக்கரம், மேலே நிமிர்த்திப் பிடிக்க மஞ்சள் மிதவைகள். நாங்கள் போய் ஒலி அனுப்பினால் கொக்கி திறந்து, சக்கரத்தை விட்டுவிட்டு மற்றதெல்லாம் மேலே வரும். அவளுடைய முனைவர் பட்டம் அந்த இரண்டு வட்டப் போத்தல்களில்தான் இருந்தது.

முதல் பொறியை எடுப்பதற்கு முந்தின நாள், சேற்றுப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தோம். நிவேதிதா ஸ்டொப் என்று கத்தினாள். ஓர் இளம் வால்ரஸ் கப்பலின் பின்னால் வந்து, பெட்டி இறங்கும் இடத்துக்கு நேர் கீழே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நியாயமான ஸ்டொப். ரைமர்ஸ் முட்டியை மடக்கினார். "யார் அது?"

கையை உயர்த்தினாள். விளக்கினாள். அதற்குள் வால்ரஸ் போய்விட்டது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், வெறும் தண்ணீர். அவளுடைய பேராசிரியர் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் முகம் சுருங்கிப்போனதை நான் மேலேயிருந்து கண்டேன். மாலையில் பருப்புக்கறிக்கு வரவில்லை.

மறுநாள் பொறியை எடுத்தோம். கொஞ்சம் அலை, வடக்கிலிருந்து பனித்துண்டுகள் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. மிதவைகள் ஏறின. கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வோர் இணைப்பு வரும்போதும் நிறுத்தி, கயிற்றைத் தளத்தோடு சங்கிலியால் கொளுவிப் பிடித்துவிட்டுக் கருவியைக் கழற்றுவோம். கொளுவுவது ஓலேயின் வேலை. நல்ல பையன், புதிதாகக் கலியாணம் செய்தவன். கப்பல் விளிம்பில் முழங்காலில் இருந்தபடி சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தான். ரைமர்ஸ் பனித்துண்டுகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பொறி தண்ணீருக்கு மேல் வந்தது.

நிவேதிதா விளிம்பின் மற்றப் பக்கம் நின்றாள். பொறியையும் கயிற்றையும் இணைப்பது ஒரு ஷக்கிள், லாடம் போன்ற இரும்புக் கொளுவி, குறுக்கே ஓர் ஆணி. ஒரு வருட உப்புத் தண்ணீரில் அந்த ஆணி கழலாமல் கட்டியிருந்த காவல் கம்பி அரித்துப்போய், ஆணி பாதி கழன்று நின்றது. அவள் நின்ற இடத்திலிருந்து மட்டும்தான் அது தெரியும்.

அவள் கத்தவில்லை. திரும்பி, தளத்தில் நின்ற கொள்கலனைச் சுற்றி நடந்து, படியேறி, என் கண்ணாடி அறைக்கு வந்து, யன்னலில் மெதுவாகத் தட்டினாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன்."

"என்ன?" என்றேன், ரைமர்ஸின் கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்ல, எனக்கு சரியா தெரியல... நீங்க கொஞ்சம் பாத்து அவர்கிட்ட சொல்லிட்டீங்கன்னா... அந்த ஷக்கிள்..."

ஷக்கிள் என்ற சொல்லோடு என் கை பிடியை நிறுத்திவிட்டது. ஆனால் ஆணி அதற்குள் விழுந்துவிட்டது. பொறி ஒரு சத்தமும் இல்லாமல் தண்ணீருக்குள் போனது. பாரம் போன கயிறு துள்ளியது. ஓலேயின் கையைச் சங்கிலிக்கும் விளிம்புக்கும் நடுவே பிடித்தது. இரண்டு விரல் போயின. நோர்வேக் கரையிலிருந்து ஹெலிகொப்டர் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. அவன் போகும்போது, அன்றைக்குத் தன் மனைவிக்குப் பிறந்தநாள் என்று மருத்துவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கப்டனின் அறையில் விசாரணை. கப்டன், பேராசிரியர், ரைமர்ஸ், நிவேதிதா, நான். அவள் ஜெர்மன் நன்றாகவே பேசுவாள். ஆனாலும் அவர்களுக்கு விளங்கவில்லை. கண்டாய், ஏன் கத்தவில்லை? சுவரில் ஒட்டியிருக்கிறது, யாரும் சொல்லலாம் என்று. முந்தின நாள் கத்தினாயே? அவள் அழவில்லை. "எல்லாரும் இருந்தாங்க. ரைமர்ஸ் ஸாரும் இருந்தார். உங்ககிட்ட சொன்னா நீங்க பக்குவமா சொல்லுவீங்கன்னு நினைச்சேன்" என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

நான் விளக்கவேண்டியதாயிற்று. எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் தலைவர் மேடையில் ஒரு பெயரைப் பிழையாகச் சொன்னால், சபையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் எழும்பிச் சொல்லமாட்டார்கள். பின்பக்கத்தால் யாராவது ஏறிப்போய்த் தலைவருக்கு வேண்டிய ஒருவரின் காதில் சொல்வார்கள். அவர் தலைவரின் காதில் சொல்வார். அதற்குள் தலைவர் அந்தப் பெயரை இன்னும் நாலு தரம் சொல்லியிருப்பார். பெரியவரைச் சபையில் மறிப்பதில்லை. இதை ஜெர்மன் மொழியில் சொல்லும்போது எவ்வளவு முட்டாள்தனமாகக் கேட்கிறது என்று எனக்கே எரிச்சல் வந்தது. எங்கள் ஆட்கள் மேல் எரிச்சல், கேட்டுக்கொண்டிருந்த அவர்கள் மேல் எரிச்சல், சுவரில் ஒட்டிய தாள் மேல் எரிச்சல்.

ரைமர்ஸ் என் பக்கம் திரும்பினார். பிறகு, "அப்ப என்ர மரியாதையைக் காப்பாத்தப் போய் ஓலேயின்ர விரல் போச்சோ?" என்றார்.

எனக்குள் இன்னொன்று குடைந்தது. நான் அந்தக் கப்பலில் இல்லாதிருந்தால் அவளுக்குப் போய்ச் சொல்ல ஒரு காது இருந்திருக்காது. தட்ட ஒரு யன்னல் இருந்திருக்காது. வேறு வழியில்லாமல் கத்தியிருப்பாள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன். "அதுக்கு நீங்கள் தமிழனாப் பிறக்காமல் விட்டிருக்க வேணுமோ? சாப்பிடுங்கோ" என்றாள். நியாயம்தான். ஆனாலும் குடைகிறது.

இரண்டாவது பொறி இன்னும் வடக்கே, பனி விளிம்புக்கு அருகில் இருந்தது. மூன்று வருடப் படிப்பில் அவளுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். போகும் வழியெல்லாம் அவள் பருப்புக்கறிக்கு வரவில்லை. என் அறைப் பக்கமும் பார்க்கவில்லை. ஒருநாள் நானே வழிமறித்தேன்.

"பிள்ளை, இனி என்ர யன்னலுக்கு வராதை. வந்தா நான் திறக்கமாட்டன்."

"சரிங்கண்ணா" என்றாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அன்று வெயில். பனி விளிம்பு முழுக்க லும்மேக்கள். அடியலை மட்டும் நீளமாக வந்து, கப்பலின் பின்புறத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இப்படியான அலையில் பொறியை ஒரே மூச்சில் ஏற்றவேண்டும். இரண்டு அலைக்கு நடுவே விளிம்பைத் தாண்டி உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். விளிம்பில் தொங்கவிட்டு நிறுத்தினால் கப்பல் அதை நொறுக்கிவிடும். இதை முந்தின நாளே எல்லோருக்கும் விளக்கியிருந்தார்கள். நிவேதிதாவுக்கும்.

பொறி மேலே வந்தது. ஆடாமல் இழுத்துப் பிடிக்க அதில் ஒரு பக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். அதன் மிச்சம் தளத்தில் வளையமாகக் கிடந்தது. ரைமர்ஸ் அலையைப் பார்த்தபடி விரலைச் சுழற்றிக்கொண்டே ஓர் அடி பின்னே வைத்தார். கயிறு இடம் மாறிக் கிடந்தால் தானே குனிந்து சுற்றி வைக்கும் அந்த மனுசன், வளையத்துக்குள்ளே காலை வைத்தார். பொறி உள்ளே ஆடியதும் வளையம் இறுகும்; அடுத்த அலையில் பொறி வெளியே ஆடும்போது அவரையும் கொண்டுபோகும். நான் அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலைப் பார்ப்பது என் விதியில் இல்லை.

"ஸ்டொப்."

கண்ணாடிக்குள்ளேயும் கேட்டது. அவள் குரல் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நிறுத்தினேன்.

பொறி சரியாக விளிம்பில் தொங்கியது. அலை வந்தது. கப்பலின் பின்புறம் எழும்பிப் பொறியில் மோதியது. இன்னொரு தரம் மோதியது. போத்தல் வட்டம் வெடித்த சத்தம் எனக்குக் கேட்டது. பேராசிரியர் தலையில் கைவைத்தார். ரைமர்ஸ் வாயைத் திறந்தார். யார் அது என்று அவர் கேட்கவில்லை. அவள் அவருக்கு நேரெதிரே நின்று அவருடைய காலைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து பார்த்தார். காலை எடுத்தார். வளையத்தை உதைத்துத் தள்ளினார். பிறகு விரலைச் சுழற்றினார், நான் ஏற்றினேன்.

பொறி தளத்தில் இறங்கியபோது போத்தல்கள் பல கழன்று உருண்டன. பச்சையும் மண்ணிறமுமான தண்ணீர், ஒரு வருடம் கடல் கொட்டிச் சேர்த்தது, தளத்தின் ஓட்டைகளால் வழிந்து போய்க்கொண்டிருந்தது. நிவேதிதா அதைப் பார்த்தாள். பிறகு நேரே ரைமர்ஸிடம் போய், கைகூப்பாத குறையாக ஏதோ சொன்னாள். அந்தப் பதற்றத்தில் ஜெர்மன் வரவில்லை போலிருக்கிறது. ரைமர்ஸ் என் பக்கம் திரும்பி வோக்கி-டோக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"சிவா, இந்தப் பிள்ளை என்ன சொல்லுது?"

எனக்குக் கேட்காவிட்டாலும் உதட்டில் தெரிந்தது. மன்னிச்சிடுங்க, கத்திட்டேன்.

"எல்லாருக்கும் முன்னால உங்களைப் பாத்துக் கத்தினதுக்கு மன்னிப்புக் கேக்குது" என்றேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் யன்னலை இழுத்துத் திறந்தேன்.

"பிள்ளை, அந்தாளின்ர கால் அந்தாளிட்ட இருக்கு. மன்னிப்பை விட்டிட்டுப் போய் உன்ர போத்தலைப் பொறுக்கு."

அவள் குந்தியிருந்து பொறுக்கத் தொடங்கினாள். இரண்டாவது போத்தலை எடுக்கும்போதுதான் அழுதாள். ரைமர்ஸ் வோக்கியை இடுப்பில் செருகிவிட்டு, மடிப்புக் கலையாத அந்த உடுப்போடு ஈரத்தில் முழங்காலிட்டு, உருண்டுபோன போத்தல்களை ஒவ்வொன்றாக எட்டி எடுத்தார். உள்ளே ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, பார்த்து, அவளிடம் கொடுத்தார்.